மகள் எம்.எஸ்.டபிள்யூ. சேரப்போகிறாளா? முதலில் களப்பணியை விசாரியுங்கள்

"சமூக சேவை செய்ய எதற்கு இரண்டு வருஷ மேற்படிப்பு?" எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுநிலைப் பட்டம் என்றதும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது இதைத்தான். சேவை வேறு, சமூகப்பணி வேறு. பசித்தவருக்குச் சோறு போடுவது சேவை. அவருக்கு ஏன் வேலை போயிற்று, உதவித்தொகை ஏன் நின்றது, அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும், எந்த மேசையில் எந்தத் தாள் தேங்கிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அடுத்த முறை அவரே சமாளிக்கும்படி செய்வது சமூகப்பணி. அதற்குப் பயிற்சி வேண்டும்.

பாடங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாயத்தை ஒன்றுதிரட்டும் பணி, நல நிர்வாகம், ஆய்வு, கூடவே கொஞ்சம் உளவியலும் சட்டமும். வணிகவியலோ இயற்பியலோ படித்தவரையும் பெரும்பாலான இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். தட்டுத்தடுமாறுவது வகுப்பில் அல்ல, களத்தில், அதாவது மருத்துவமனை, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் நேரடியாகப் பயிற்சி பெறும்போது. ஆகவே கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும் பார்ப்பதற்கு முன் களப்பணியைப் பாருங்கள்.

களப்பணிக்கு அளவு உண்டு. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பென்றால் குறைந்தது 900 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் 1,000 மணி நேரம், இங்கிலாந்தில் குறைந்தது 170 நாள். 900 என்பதை வாரக்கணக்கில் போட்டுப் பாருங்கள்: வாரம் 15 மணி, அதாவது இரண்டு முழு நாள், 60 வாரம். நான்கு பருவத்துக்கும் பருவத்துக்கு 15 வாரம் வீதம் சரியாக வருகிறது. கூடுதலாக ஒரு வாரம்கூட இல்லை. தேர்வு, விடுமுறை, காய்ச்சல் என்று ஐந்து வாரம் போனால் 75 மணி நேரம் பாக்கி. கடைசிப் பருவத்தில் ஆய்வேடும் கழுத்தை நெரிக்கும்போது அந்தப் பாக்கியை அடைப்பது பெரும்பாடு. பாக்கி விழுந்த மாதமே அடைத்துவிடச் சொல்லுங்கள்.

மணிக்கணக்கு மட்டும் போதாது. நிறுவனத்தில் மாணவியைக் கணினி முன் உட்காரவைத்துப் பட்டியல் அடிக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் நிகழ்ச்சிக்குப் புகைப்படம் எடுக்கச் சொல்வார்கள். வருகைப்பதிவு நிறைந்துவிடும், கை ஒன்றும் பழகியிருக்காது. சேருமுன் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நிறுவனத்தில் உங்களை வழிநடத்துபவர் சமூகப்பணி படித்தவரா? வாரம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுகிறாரா? நீங்களே பொறுப்பேற்று எத்தனை பேரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தீர்கள்? மூன்றாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் படிப்பை யோசித்துச் சேருங்கள்.

களப்பணி அறிக்கையில்தான் மாணவியின் தரம் தெரியும். மருத்துவமனையில் ஒரு முதியவளைச் சந்தித்துவிட்டு "நோயாளி சோகமாக இருந்தார். ஆறுதல் கூறினேன்" என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. இப்படி எழுதலாம்: "மருந்துச் சீட்டை நாலாக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். 'வீட்டுக்குப் போகலாமா' என்றேன். 'யார் வீட்டுக்கு?' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, சாப்பாட்டைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன்." இதைப் படிக்கும் வழிகாட்டி ஓரத்தில் "ஏன் மாற்றினாய்?" என்று எழுதுவார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கல்வி தொடங்குகிறது. அன்று மாலையே எழுதிவிட வேண்டும். மூன்று நாள் கழித்தால் "ஆறுதல் கூறினேன்" மட்டுமே நினைவில் நிற்கும். அறிக்கையில் உண்மைப் பெயரோ முகவரியோ வரக்கூடாது. சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதும், கைக்காசைக் கொடுத்து உதவுவதும் முதல் பருவத்தில் எல்லோரும் செய்யும் தவறு. பணம் கைமாறியபின் உதவி பெற்றவர் உண்மையைச் சொல்லத் தயங்குவார்.

சிறப்புப் பிரிவு: மருத்துவம்-மனநலம், குழந்தைகள்-குடும்பம், சமுதாய வளர்ச்சி, சிறை-சீர்திருத்தப் பணி, சில நாடுகளில் மனிதவளம். முதலாண்டுக் களப்பணிக்குப் பிறகு தேர்ந்தெடுக்க விடும் கல்லூரி நல்லது. மனநலம் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப்பணியாளர் என்று சொல்வது எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவரை அல்ல, அதற்குமேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவரை. அமெரிக்காவிலும் பட்டம் வாங்கியதும் தனியாகச் சிகிச்சை ஆலோசனை தர முடியாது. மாநில உரிமத்துக்குக் கண்காணிப்பின்கீழ், பெரும்பாலும் இரண்டு ஆண்டாவது, வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் ஆலோசகராகிவிடலாம் என்ற கணக்கு பல வீடுகளில் பொய்த்துப்போவது இங்கேதான்.

ஆய்வேட்டை மூன்றாம் பருவத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகள், நோயாளிகள், கைதிகள் இவர்களிடம் தகவல் திரட்ட நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது வர மாதக்கணக்கு ஆகலாம். "இளைஞர்களின் மனநலம்" என்ற தலைப்பு கடலைக் கமண்டலத்தில் அடைக்கும் வேலை. களப்பணி செய்த இடத்திலேயே, உள்ளே போக அனுமதி இருக்கும் ஒரு சிறு கேள்வியை எடுத்தால் முடியும்.

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுவதே மேல். தொண்டு நிறுவன வேலைகள் பெரும்பாலும் திட்டத்தோடு கட்டப்பட்டவை. நிதி நின்றால் வேலையும் நிற்கும். நேர்முகத்தில் "எவ்வளவு" என்று கேட்பதோடு "நிதி எந்த மாதம்வரை" என்றும் கேட்க வேண்டும். திட்ட முன்மொழிவு எழுதவும், வரவுசெலவுத் திட்டம் போடவும், திரட்டிய தரவை அட்டவணையாக்கவும் தெரிந்தவர் அடுத்த திட்டத்துக்கு முதலில் அழைக்கப்படுவார். படிக்கும்போதே இந்த மூன்றையும் பழகட்டும்.

வெளிநாட்டு எண்ணம் இருந்தால் இன்னொன்று. இங்கிலாந்தில் பதிவு பெறாதவர் தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம். பதிவுக்கும் பட்ட மதிப்பீட்டுக்கும் களப்பணி மணிநேரச் சான்று, ஒவ்வொரு தாளின் பாடத்திட்டம், வழிகாட்டியின் தகுதி விவரம் எல்லாம் கேட்கப்படலாம். களப்பணி செய்த நிறுவனம் நாலு வருஷம் கழித்து இருக்குமோ இருக்காதோ. ஒவ்வொரு பருவ முடிவிலும் நிறுவன முத்திரையோடு கையெழுத்து வாங்கி, நகலெடுத்து, வீட்டில் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள்.