ஐஃபோன் 4எஸ், ஐஓஎஸ் 9.3.5: சஃபாரியில பாதி சைட்டு திறக்கல

இதுக்காக போன ரீஸ்டோர் (எல்லாத்தையும் அழிச்சு ஐஓஎஸ்ஸ புதுசா ஏத்தறது) பண்ணிடாதீங்க, அது தேவையே இல்ல. ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1-னு ஒரு ரூட் சர்டிஃபிகேட் (சைட்டு நிஜமானதான்னு போன் சரிபாக்கற அடிப்படை சான்று) இருக்கு, அத போன்ல ஏத்துனா போதும், சிடியாவுல (ஜெயில்பிரேக் பண்ண போன்ல ஆப் இறக்கற ஆப்) சோர்ஸ் ரெஃப்ரெஷ் ஆகாததும் அனேகமா அதோடயே சரியாகும்.

ஜெயில்பிரேக்னால (ஆப்பிள் போட்ட பூட்ட உடைச்சதால) வந்த பிரச்சனையான்னு கேட்டிருந்தீங்க, இல்ல. லெட்ஸ் என்க்ரிப்ட்-ங்கற இலவச சேவையோட சர்டிஃபிகேட் வச்சிருக்கற சைட்டுகளுக்கு பழைய போன்லாம் நம்பிட்டிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3-ங்கற பழைய ரூட்டு செப்டம்பர் 30, 2021-ல காலாவதி ஆயிடுச்சு, புது ரூட்டான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஐஓஎஸ் 10-லேர்ந்துதான் உள்ளயே வருது, உங்களது 9.

1. மொதல்ல போன்ல தேதி, வருஷம் சரியா இருக்கான்னு பாருங்க. பேட்டரி செத்து எழுந்த போன் பழைய வருஷத்துக்குப் போயிருந்தாலும் இதே எர்ரர்தான் வரும்.

2. கம்ப்யூட்டர்ல லெட்ஸ் என்க்ரிப்டோட சொந்த சைட்டுலேர்ந்து அந்த ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஃபைல எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணி, போன்ல மெயில் ஆப்ல தொறங்க. போன்லயே இறக்கப் பாத்தா அந்த சைட்டே திறக்காம போகலாம், கொடுமை!

3. இன்ஸ்டால் குடுக்கறதுக்கு முன்னாடி விவரத்த தட்டிப் பாருங்க, காலாவதி ஜூன் 2035-னு இருக்கணும்.

யாரோ ஃபோரம்ல போட்ட "ஆல் சர்டிஃபிகேட்ஸ்" ப்ரொஃபைல (பல சர்டிஃபிகேட்ட ஒண்ணா ஏத்தற ஃபைல்) மட்டும் ஏத்தாதீங்க, அதுல தப்பான ரூட்டு ஒண்ணு இருந்தா உங்க பாஸ்வேர்டெல்லாம் நடுவுல ஒருத்தன் படிக்கலாம். இதுக்கப்புறமும் திறக்காத சைட்டு இருந்தா அது டிஎல்எஸ் 1.3 (ஐஓஎஸ் 9-க்கு தெரியாத புது என்க்ரிப்ஷன் முறை) மட்டும் கேக்கறதா இருக்கலாம், அதுக்கு சர்டிஃபிகேட் ஏத்தி பிரயோஜனம் இல்ல.