பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? எர்த்தைப் பாருங்கள்

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்ற நீங்களே செய்த ட்ரெய்லரில், பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பல்பை மாற்றிப் பயனில்லை நண்பரே, அது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில் உள்ள கோளாறு. ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியின் இரும்புப் பின் (pin) வழியாகத்தான் எர்த் போகிறது என்று நினைக்கிறேன். அங்கே கிரீஸும் துருவும் இருந்தால் மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அடுத்த பல்புக்குள் புகுந்து வரும். ட்ரெய்லர் விளக்குகளுக்கு வண்டியிலிருந்து மின்சாரம் தரும் ஏழு பின் சாக்கெட்டில் 3-ஆம் பின் எர்த்துக்கானது, வழக்கமாக வெள்ளை ஒயர். பட்டறைக்காரர்கள் கையில் கிடைத்த நிறத்தில் இழுத்துவிடுவார்கள், அதனால் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிடுங்கள். அந்த 3-ஆம் பின்னிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் கொடுங்கள். சேஸிஸில் (ட்ரெய்லரின் அடிச்சட்டத்தில்) பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். கடலூர் உப்புக்காற்றுக்கு வெறும் முறுக்கிய இணைப்பு தாங்காது.

ரிஃப்ளெக்டர் கேட்டிருந்தீர்கள். பின்னால் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாகச் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். ட்ரெய்லருக்கு முக்கோண வடிவம் வாங்குங்கள், முனை மேல்நோக்கி இருக்கட்டும். ஒளிரும் டேப் என்றால் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டரில் தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை விளக்கு வேண்டும், எண் 15 மீட்டரில் படிக்க வர வேண்டும்.

எல்லாம் சரியாகப் போட்டாலும் கரும்பு பின்னால் தொங்கினால் ஒன்றும் தெரியாது, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. விளக்கைப் பின் சட்டத்தின் கீழ்க்கோடியில், சுமை மறைக்காத இடத்தில் வையுங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே ஆர்டிஓ ஆபீஸில் வாகன ஆய்வாளரிடம் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள்.