கோலார் பக்கத்துப் பாறையில் தங்கத்தோடு டங்ஸ்டன் எப்படி வந்தது?

ஆந்திரத்தின் குப்பம் ஊர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். தன் கொல்லையில் கிடக்கும் வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) இவை இருக்குமா என்றும் கேட்கிறார்.

கோலார் பாறைப் பட்டை கர்நாடகத்தோடு நிற்பதில்லை. தெற்கே சிகரகுண்டா வழியாகக் குப்பம் வட்டாரத்துக்குள்ளும் வருகிறது. வயது சுமார் 270 கோடி ஆண்டு.

சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம்தான் இருக்கும். சுரங்கம் கட்டுபடியாக டன்னுக்குச் சில கிராமாவது வேண்டும். அதைத் திரட்டித் தருவது பூமிக்குள் ஓடும் 300, 400 டிகிரி வெந்நீர். வெறும் நீரில் தங்கம் அவ்வளவாகக் கரையாது. ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தால் அதிலுள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு பயணம் போகும். இந்த நீர் இரும்பு மிகுந்த கரும்பாறைக்குள் நுழைந்ததும் கந்தகம் இரும்போடு சேர்ந்து பைரைட் போன்ற கனிமமாகிவிடும். துணை போய்விட்டதே, தங்கம் அங்கேயே படிந்துவிடும். பாறை வெடித்து அழுத்தம் சட்டென்று குறைந்தாலும் இதே கதிதான்.

டங்ஸ்டனுக்குக் கந்தகம் தேவையில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து டங்ஸ்டேட்டாகக் கரைந்து வரும். கால்சியத்தைக் கண்டால் அதோடு சேர்ந்து ஷீலைட் என்ற கனிமமாகப் படியும். கரும்பாறையில் இரும்பும் உண்டு, கால்சியமும் உண்டு. அதனால்தான் வேதியியல் வேறானாலும் இரண்டும் ஒரே இடத்தில் மாட்டுகின்றன.

சரி, உங்கள் கொல்லைக் கல்? பெரும்பாலான வெங்கச்சங்கல் வெறும் கல்தான். இருட்டில் குற்றலை (short-wave) புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள் (விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்). ஷீலைட் இருந்தால் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். தங்கம் ஒளிராது; அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.