தாழ்வான ஸ்பிரிங் போட்டும் காரின் முன்பக்கம் உயரமாக நிற்கிறது, ஸ்பீடு பிரேக்கரில் கிறீச் சத்தம்

லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ்ஷின் (அதன் மூட்டில், நடுவில் உலோகக் குழாய் உள்ள ரப்பர்) போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தின் மேல் இருக்கும்போது மறுபடி இறுக்குங்கள். ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

வீட்டில் ஜாக்கி வைத்து ஸ்பிரிங் மாற்றும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியே போல்ட்டை இறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புஷ்ஷின் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகி, இன்னொரு ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். இப்படியே ஓட்டினால் புஷ் சீக்கிரம் கிழியும்.

1. ஹப் (சக்கரத்தின் மையம்) நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
2. உறுதியான ரேம்ப்பில் ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு போல்ட்டைத் தளர்த்துங்கள்.
3. அடியிலிருந்து வெளியே வந்து, பானட் பக்கம் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். மறுபடி அளங்கள். உயரம் குறைந்திருந்தால் காரணம் இதுதான்.

அப்புறம் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்க வேண்டிய முறுக்கு அளவு) இறுக்குங்கள். டார்ச் அடித்து ரப்பரையும் பாருங்கள். உள்குழாயை ஒட்டிப் பிறை போல வெடிப்பு தெரிந்தால் புஷ்ஷையே மாற்ற வேண்டும்.

பால் ஜாயின்ட் (ஆர்மின் சக்கரப் பக்க முனையிலுள்ள உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் இதனால் சத்தம் நிற்காது. வண்டி தாழ்ந்ததால் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறியிருக்கும், வீல் அலைன்மென்ட் கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.