லைப்ரரிக்குள்ள நிக்குற மேன்ஹோல்

கேள்வி: சார், நாங்க நாலு பேரு கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு கேம்பஸ்ல இருக்குற தண்ணி பைப், டிரெய்னேஜ், விளக்குக் கம்பம் எல்லாத்தையும் ஜிஐஎஸ்ல (இடத்தோட அதைப் பத்தின விவரத்தையும் சேத்து வைக்குற கம்ப்யூட்டர் மேப்) மேப் பண்றோம். போன்ல பாயிண்ட் எடுத்து க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல போட்டா ரெண்டு மேன்ஹோல் லைப்ரரிக்குள்ள விழுது, ஒரு கம்பம் மாடிப்படில நிக்குது. விலை கூடின போன் வாங்கினா சரியாயிடுமா?

பதில்: காசை வேஸ்ட் பண்ணாதீங்க. திறந்த வானத்துலயே போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும், அதுலயும் பில்டிங் பக்கத்துல நின்னா சிக்னல் நேரா வராம சுவத்துல பட்டுத் திரும்பி வருது, சுத்தி வந்த தூரத்தை போன் நிஜ தூரம்னு நம்பிடுது, அதான் மேன்ஹோல் உள்ள போய் உக்காந்துருது. டேப் எடுங்க. சேட்டிலைட் படத்துல தெளிவாத் தெரியுற ரெண்டு பில்டிங் மூலைல இருந்து மேன்ஹோலுக்கு அளங்க, ரெண்டு வட்டம் வெட்டுற இடம்தான் உங்க பாயிண்ட் (ரெண்டு இடத்துல வெட்டும், எது சரின்னு கண்ணாலயே தெரியும்). சர்வே லேப்ல டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் துல்லியமா அளக்குற கருவி) தூசி தட்டாம கிடந்தா அதைக் கேட்டு வாங்குங்க, இன்னும் நல்லது.

ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பயம். மண்ணுக்குள்ள போற லைனை எப்படி வரையப் போறீங்க? டிரெய்னேஜ்னா பரவால்ல, அது சரிவுல ஓடுறது, திரும்புற இடத்துலயும் சேருற இடத்துலயும் மேன்ஹோல் வெச்சிருப்பாங்க, அதனால ஒரு மேன்ஹோல்ல இருந்து அடுத்ததுக்கு நேர்கோடு போட்டா பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். தண்ணி பைப் அப்படி இல்ல, பிரஷர்ல ஓடுறதால எங்க வேணா வளைச்சுக் கொண்டு போயிருப்பாங்க, ரெண்டு வால்வுக்கு நடுவுல நீங்க போடுற கோடு வெறும் யூகம். ஆபீஸ்ல இருக்குற பழைய டிராயிங்கும் நிறைய தடவை போடலாம்னு நெனச்ச பைப்தான், போட்ட பைப் இல்ல. கேம்பஸ்ல ரொம்ப நாளா வேலை பாக்குற பிளம்பர் அண்ணன் கூட ஒரு நாள் முழுக்க நடங்க, எங்க தோண்டினோம், எங்க உடைஞ்சுது, எந்த வால்வை மூடினா எந்த பிளாக்குக்கு தண்ணி நிக்கும்னு அவர் தலைக்குள்ள ஒரு மேப்பே இருக்கும். ஆட்ரிப்யூட் டேபிள்ல (மேப்ல இருக்குற ஒவ்வொண்ணோட விவரமும் வர்ற அட்டவணை) பைப் சைஸ், மெட்டீரியல் கூட "எப்படித் தெரியும்"னு ஒரு காலம் (column) கண்டிப்பா சேருங்க: கண்ணால பாத்தது, பிளம்பர் சொன்னது, டிராயிங்ல இருந்தது, யூகம். யூகத்தை புள்ளிக்கோடா காட்டுங்க, ஏன்னா நாளைக்கு யாராவது உங்க மேப்பை நம்பி மண்வெட்டி போடுவாங்க.

கேள்வி: கேபிளுக்கு ரெண்டு பக்கமும் 5 மீட்டர் பஃபர் (சுத்தி விடுற பட்டை) போட்டேன், கேம்பஸ் என்ன, மாநிலத்தையே முழுங்கிடுச்சு. சாஃப்ட்வேர் கோளாறா?

பதில்: சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க லேயர் டபிள்யூஜிஎஸ் 84ங்கற அட்சரேகை-தீர்க்கரேகை முறைல இருக்கு, அதோட அளவு மீட்டர் இல்ல, டிகிரி. நீங்க கேட்டது 5 டிகிரி, அட்சரேகைல ஒரு டிகிரியே ஏறக்குறைய 111 கிலோமீட்டர், கணக்கு போட்டுக்கோங்க. உலகத்தை 6 டிகிரி அகலத்துல 60 யூடிஎம் மண்டலமா (இந்த முறைல அளவு மீட்டர்) பிரிச்சிருக்காங்க, உங்க இடம் எதுல வருதுன்னு பாத்து அதுக்கு லேயரை ரீப்ரொஜெக்ட் பண்ணிட்டு (எண்களையே அந்த முறைக்கு மாத்திட்டு) பஃபர் போடுங்க. லேயர் ப்ராபர்ட்டீஸ்ல அந்த முறையோட பேரை மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, அது அடில அளந்த எண்ணுக்குப் பின்னாடி மீட்டர்னு எழுதி வைக்குற மாதிரி, எண் மாறவே மாறாது.

கேள்வி: ஷேப்ஃபைலை (மேப் லேயரை சேவ் பண்ற ஒரு ஃபைல் வகை) பிரெண்டுக்கு அனுப்பினேன், ஓப்பன் ஆகலைங்கறான்.

பதில்: டாட் எஸ்எச்பி மட்டும் அனுப்பிருப்பீங்க. அதே பேர்ல டிபிஎஃப், எஸ்எச்எக்ஸ், பிஆர்ஜேன்னு கூடவே கிடக்கும், எல்லாம் சேந்துதான் ஒரு ஷேப்ஃபைல். டேபிள்ல இருக்குற காலம் பேரும் 10 எழுத்துக்கு மேல வெட்டுப்படும். அதுக்கு பதிலா ஜியோபேக்கேஜ்ங்கற ஃபார்மேட்ல சேவ் பண்ணுங்க, எல்லாம் ஒரே ஃபைல்ல அடங்கிடும்.