படம் உண்மைதானா?

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், சிங்கப்பூரின் தேக்கா சந்தை பற்றிய திட்டப்பணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த ‘1970’ படத்தைச் சேர்த்திருக்கிறாள். எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகி, ஈசூன்

பதில்: முதலில் படத்தையே உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைய கட்டடம் தெரிந்தால் ‘1970’ தவறு. சந்தை அங்கு இடம் மாறியது 1982இல். பிறகு, படத்தைக் கொடுத்தே தேட உதவும் கூகல் லென்ஸில் தேடலாம். மேலே வரும் முடிவே மூலம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நகல்தான்.

பழைய நாளிதழ்களைத் தேட உதவும், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ‘தேக்கா’ என்று மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும். ‘கண்டாங் கெர்பாவ்’, ‘சூ ஜியாவ்’ என்ற பழைய பெயர்களையும் ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்க்கட்டும். கிடைத்ததும் நாளிதழ், தேதி, பக்க எண் மூன்றையும் உடனே குறிக்கவேண்டும். எழுதும்போது திரையை மூடிவைப்பது அவசியம். திறந்திருந்தால் வாக்கியம் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.