பர்சுக்குள் இருக்கும் அட்டை

கேள்வி: உறுப்பு தானம் செய்வதாகப் பதிவு செய்து, அட்டையும் வாங்கிப் பர்சில் வைத்திருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா, "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா" என்று அழுவார். அட்டை போதும்தானே?
– வாசகர், குடியாத்தம்

பதில்: போதாது. நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும், நடைமுறையில் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால்தான் உறுப்புகளை எடுப்பார்கள். அந்தக் கேள்வி கடைசியில் உங்கள் அம்மாவிடம்தான் வரும்.

அது எப்படிப்பட்ட நேரம் என்று யோசியுங்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் தலையில் அடிபட்ட ஒரு பையன். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, இதயம்கூடத் துடிக்கிறது. மூளைச்சாவு என்கிறார்கள். கோமாவிலிருந்து யாரோ எழுந்து வந்த கதையைக் கேட்டிருக்கிற தாய் எப்படி நம்புவாள்? கோமா வேறு, இது வேறு. மூளைத்தண்டு செத்துவிட்டால் தானாக மூச்சு விட முடியாது, மீண்டு வருவதும் கிடையாது. நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அதை உறுதி செய்கிறார்கள். இத்தனையையும் ஐ.சி.யூ. வாசலில் முதல்முறையாகக் கேட்கிறவளிடம் 'சரி' என்ற சொல்லை எதிர்பார்ப்பது கொடுமை.

2008-இல் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர் இருவருமே மருத்துவர்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எடுத்த எடுப்பில் உங்கள் சாவைப் பேச வேண்டாம். கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். வயதாகி வீட்டில் இறந்தவரும் கண் கொடுக்கலாம். சர்க்கரை நோய், கண்புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்த வேண்டும். நாமோ சாவு வீட்டில் தலைமாட்டிலேயே ஃபேனை ஓடவிட்டுக் கருவிழியைக் காயவிடுகிறோம். அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்று யாராவது சொன்னால், காளத்தியில் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரைக் கும்பிடுகிறோமே, அதைக் கேளுங்கள்.

அப்புறம் வேலூர்க் கதையைச் சொல்லுங்கள். 1971-இல் நம் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நடந்தபோது, உயிரோடு இருந்த ஒருவர்தான் சிறுநீரகம் கொடுத்தார். இன்றும் எத்தனையோ வீடுகளில் மகனுக்காக அம்மாவே ஆபரேஷனுக்குப் படுக்கிறாள். மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து இரண்டு சிறுநீரகங்கள் கிடைத்தால், அப்படி இரண்டு அம்மாக்கள் படுக்க வேண்டியிருக்காது. உங்கள் அம்மாவுக்கு இது புரியும். புரிந்ததும் அந்த அட்டையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ரேஷன் கார்டு இருக்கிற பையில் அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.